பாட்டு முடியும் வரை கதவு திறக்காது

பழைய கம்ப்யூட்டரில் நான்கு நிமிடம் பத்து வினாடி இருந்த பாட்டு, புதிய லேப்டாப்புக்கு வந்து சேர்ந்ததும் நான்கு நிமிடம் பத்தொன்பது வினாடி ஆகியிருந்தது. ஜெயலட்சுமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வீடு மாற்றினால் சாமான் நாலு காணாமல் போகும். கூடிப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. இங்கே ஒன்பது வினாடி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

மணி பன்னிரண்டரைதான். ஆனால் ஜீவனஹள்ளிக்கு மேல் மழை மேகம் அப்படி இறங்கியிருந்ததில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. காலையில் காக்ஸ் டவுன் கம்ப்யூட்டர் கடைக்காரர் உமேஷ் வந்து, பழைய பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். "ஆன்ட்டி, ஹார்ட் டிஸ்க் டிக் டிக்குனு அடிக்குது. சாயங்காலம் வரைக்கும் தாங்கினாலே பெருசு. ஸ்வல்ப சீக்கிரமா எல்லாத்தையும் புதுசுல போட்டுடுங்க," என்றார். வயரை மாட்டி, செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பதிவுகள். பதினொரு மாதத்துக்கு முன் இறந்துபோன அவள் கணவர் சேஷகிரி, பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து கேசட்டுகளிலிருந்து ஏற்றியவை.

ஏற்றிய விதம் இருக்கிறதே, அதை வேறு எந்த மனிதரும் செய்திருக்கமாட்டார். டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர் போட்டால் தீர்ந்தது என்று உமேஷ் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய மனிதர் லேசில் மசிவாரா? வயர் வழியாக வந்தால் பாட்டு செத்துவிடும், காற்றில்தான் வர வேண்டும் என்றுவிட்டார். மடித்த துண்டின் மேல் டேப்ரெக்கார்டரை வைப்பார், எதிரே மைக்கை நிறுத்துவார், அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். கேசட்டின் ஒரு பக்கம் ஓடி முடியும் வரை யாரும் உள்ளே வரக்கூடாது. அவரும் வாயைத் திறக்கமாட்டார். இருமல் வந்தால் தோள் துண்டைக் கடித்துக்கொள்வார்.

அதனால் அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் வீடே இருந்தது. குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய், கூடத்தில் நடக்கும் அவளுடைய மெட்டிச் சத்தம், பாதிப் பாட்டில் கதவுக்கு வெளியிலிருந்து அவள் குரல்: "சாப்பிட வாங்க. ரசம் ஆறுது." பன்னிரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஒன்றில்கூடப் பதில் சொல்லவில்லை. அவள் குரலை நறுக்கிச் சுத்தம் செய்து தருவதாக உமேஷ் சொன்னபோது கூடவே கூடாது என்றுவிட்டாராம். அவர் போன பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது, தெரிந்த அன்று சமைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் குரல் அத்தனையிலும் இருந்தது, அவர் குரல் ஒரு சொல் மிச்சமில்லை.

கடைசி நாளும் அப்படித்தான். மூன்று முறை கூப்பிட்டாள், சத்தமில்லை. "சரி, உங்க பாட்டையே சாப்பிடுங்க," என்றாள். கூடத்துக்குப் போய் டிவி சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது கேசட் நின்றிருந்தது, மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு நொடியில் போயிருக்கும் அம்மா என்றார் டாக்டர். ஒரு நொடிதானா? இல்லை, தன்னைக் கூப்பிட்டாரா? டிவி சத்தத்தில் அது தன் காதில் விழாமல் போயிற்றா? இந்தக் கேள்விதான் அவளைத் தூங்கவிடாமல் தின்றுகொண்டிருந்தது. பதில் அந்தக் கடைசிப் பதிவில், அவர் பாட்டுப் பாட்டாகப் பிரிக்காமல் விட்டுப்போன நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் எங்கோ இருந்தது. அதைத் திறக்க இத்தனை நாள் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, அது புதியதில் வந்து சேருமுன் பெட்டி நின்றுவிட்டால் இனி அது இருக்காது.

மழை பிடித்துக்கொண்டது. சத்தம் உள்ளே வராமலிருக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள், அவர் தலையெண்ணெய் வாசனை இன்னும் அதில் இருந்தது. முதல் பாட்டை வைத்தாள். பாதியில் அவள் குரல் வழக்கம்போலச் சாப்பிடக் கூப்பிட்டது. பாட்டு முடிந்தது. பிறகு அந்த ஒன்பது வினாடி: கேசட்டின் இரைச்சல், நாற்காலி லேசாக முனகும் ஓசை, ஒரு தொண்டைக் கனைப்பு.

"வரேன்."

அவர்தான். சோம்பலாக, கடைசி எழுத்தை விழுங்கிச் சொல்லும் அதே விதம். ஜெயலட்சுமிக்குப் பயமே வரவில்லை, அதுதான் உண்மை. அதை ஏழு முறை போட்டுக் கேட்டாள், ஏழு முறையும் அழுதாள். பழைய கம்ப்யூட்டரில் அதே பாட்டை வைத்துப் பார்த்தாள். அங்கே பாட்டு முடிந்ததும் முடிந்துவிட்டது.

நூறாவது பாட்டைத் திறந்தாள், புதியதில் அரை நிமிடம் நீண்டிருந்தது. "வரேன்" என்றார், நாற்காலி நகர்ந்தது. ஐந்நூறாவதில் செருப்பு தரையில் தேய்ந்தது, இரண்டே எட்டு வைத்த ஓசை. ஆயிரத்துக்கு மேல் போகப் போக அந்த எட்டுகள் மெல்ல மைக்கை விட்டுத் தள்ளிப் போயின, கதவைப் பார்த்துப் போகிற மனிதர் போல. ஆயிரத்து எண்ணூறாவதில் தாழ்ப்பாளை யாரோ அசைத்தார்கள். திறக்கவில்லை. மறுபடி அசைத்தார்கள். அவர் குரல் இப்போது சோம்பலாக இல்லை.

"ஜெயா, கதவு திறக்கலை."

நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. பழைய பெட்டி டிக் டிக்கென்று வேகமாக அடித்தது, இடையில் ஒரு கணம் நின்று, மறுபடி அடித்தது. கடைசிப் பதிவு வந்து சேர்ந்துவிட்டதாகத் திரை சொன்னது. நேரம் போடும் இடத்தில் எண் இல்லை. வெறும் கட்டம்.

திறந்தாள்.

கேசட் ஓடியது. பாதியில் அவர் மூச்சு கேட்டது, பாட்டை மீறி, கனமாக. பதிவு ஓடும்போது வாயைத் திறக்காத மனிதர் வாயைத் திறந்தார். "ஜெயா," என்றார், ரொம்ப மெதுவாக. வெளியிலிருந்து அவள் குரல் சாப்பிடக் கூப்பிட்டது. "ஜெயா." அவள் குரல் இரண்டாம் முறை கூப்பிட்டது. "ஜெயா." மூன்றாம் முறை. பிறகு உங்க பாட்டையே சாப்பிடுங்க. பிறகு மெட்டிச் சத்தம் தள்ளிப் போனது.

கூப்பிட்டிருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம், நாலடி தூரத்தில். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தாள்.

அழுகை ஓய்ந்தபோதுதான் கவனித்தாள். டிக் டிக் இல்லை. மழைச் சத்தமும் இல்லை. பழைய திரையில் எதுவும் இல்லை. ஆனால் மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ரசம் கொதிக்கும் வாசனை வந்தது. இன்று அவள் அடுப்பே மூட்டவில்லை.

எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

வெளியே யாரோ நடந்து வந்தார்கள். தரையில் மெட்டி தட்டியது. அவள் மெட்டியைக் கழற்றிப் பதினொரு மாதம் ஆகிறது.

"சாப்பிட வாங்க. ரசம் ஆறுது."

அவளுடைய குரல். கொஞ்சம் சலிப்போடு. ஜெயலட்சுமி வாயைத் திறந்தாள். மூச்சு மேலே வரவில்லை. இடது தோளிலிருந்து ஏதோ இறுகிக்கொண்டு வந்தது.

"எத்தனை தடவை கூப்பிடறது?"

கதவைத் தட்டினாள். கை பஞ்சில் பட்டது மாதிரி இருந்தது. ஓசை எழவில்லை.

"வரீங்களா, இல்லையா?"

இருக்கிறேன். இங்கேதான் இருக்கிறேன். கொஞ்சம் நில்.

"சரி, உங்க பாட்டையே சாப்பிடுங்க."

மெட்டி திரும்பியது. நடந்தது. போகிறவளை எப்படியாவது நிறுத்த வேண்டும், ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் மூச்சு மிச்சமிருந்தது. அவளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? தெரிந்தது ஒரு பெயர்தான்.

"ஜெயா," என்றாள், ரொம்ப மெதுவாக.

வெளியே டிவியின் சத்தம் கூடியது.