பைக்கும் ஒரு டிக்கெட்

பாலாவிச் சந்தியில் பஸ் ஏறும்போதே அஸ்ரியாவின் நெஞ்சு படபடத்தது. கடலில் காற்று எழும்புகிறது... வாப்பாவின் படகிலிருந்து நேற்று முதல் ஒரு பதிலும் இல்லை. அந்த நேரம் பார்த்தா இப்படி ஒருத்தன் கண்ணில் பட வேண்டும்!

பஸ் முட்ட சனம். வெளியே சோவென்று மழை. அவனோ ஜன்னலோரத்தில் ராசா மாதிரி இருந்துகொண்டு, பக்கத்து ஸீட்டில் ஒரு கறுப்புப் பையை வைத்து, அதைக் கையால் அணைத்துக்கொண்டிருந்தான். கைப்பிள்ளையோடு ஒரு தாய் தள்ளாடிக்கொண்டு நிற்கிறாள்... கண் தெரியவில்லையா?

"ஏன் நானா, பைக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?"

"ஓம் தங்கச்சி. எடுத்திரிக்கன்."

நிஜமாகவே இரண்டு டிக்கெட்டை நீட்டினான்! சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அஸ்ரியாவுக்குக் காதெல்லாம் சூடேறியது. இருக்கட்டும்... டிக்கெட் இருந்தால் பை பிள்ளையாகிவிடுமா? வாரைப் பிடித்து ஒரே இழுவை.

"அத கீழ வெக்கேலா, ஒடையிற சாமான்..."

அவன் சொல்லி முடிக்கவில்லை, பஸ் சடாரென்று பிரேக் அடித்தது. பை அவள் கையை விட்டு, தண்ணீர் ஓடும் தரையில் தொம்மென்று விழுந்தது.

அவன் ஏசவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. பையைத் தூக்கித் தன் சேர்ட்டாலேயே துடைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். யா அல்லாஹ்... என்ன கண்கள்! கோபமே இல்லை அதில். பயம்தான் இருந்தது. தாய்க்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி கல்பிட்டி வரை நின்றுகொண்டே வந்தான். இவள் மழையைப் பார்க்கிற சாட்டில்... அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அஸ்ரியா வேலை செய்வது, ஆழ்கடலுக்குப் போகும் படகுகளைக் கவனிக்கிற ஒரு சின்னக் கம்பனியில். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று ஸ்க்ரீனில் புள்ளியாகத் தெரியும். காற்று வந்தால் "திரும்புங்க" என்று செய்தி அனுப்புவதும் அங்கிருந்துதான். இதையெல்லாம் இயக்குவது பின்னறையில் இருக்கும் பிளேட் சேர்வர். பேக்கரியில் வெட்டிய பாண் துண்டுகளை அடுக்கியதுபோல ஒரு பெட்டிக்குள் மெல்லிய சேர்வர்கள். படகுகளுக்கான துண்டில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். நேற்று ஒன்று செத்துவிட்டது. மிஞ்சிய ஒன்றைத்தான் இப்போது எல்லாப் படகும் நம்பியிருந்தன.

"கொழும்பிலேருந்து இன்ஜினியர் வந்திரிக்கார்," என்றாள் கம்பனியில் மூத்தவளான ஹவ்வா ராத்தா. "றிப்னாஸ் எண்டு பேர்."

அஸ்ரியா திரும்பினாள். நனைந்த சேர்ட்... கறுப்புப் பை!

"நீங்களா...?"

"ஓம் மிஸ். பைக்கு டிக்கெட் எடுத்தவன்தான்."

பைக்குள்ளே பஞ்சில் பொதிந்த இரண்டு புது டிஸ்க். அஸ்ரியா இழுத்துப் போட்டது இவற்றைத்தான்! முதலாவதைச் செருகினான்... டிக், டிக் என்று முனகிவிட்டு அடங்கிப்போனது. அதைக் கழற்றி வைத்தான். இரண்டாவதைச் செருகினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்... பச்சை லைட் சிமிட்டியது!

"இனிப் பழைய டிஸ்க்கில இரிக்கிற எல்லாம் இதுக்கு வரணும்," என்றான். "அந்தப் பழசுக்கும் வயசு போயிட்டு. இடையில அதும் விழுந்தா, எல்லாத்துக்கும் வேற ஒரு கொப்பி எடுத்து வெச்சிரிக்கன்தான்... ஆனா திரும்ப எழுப்ப ஒரு நாள் போகும். வேகத்தக் கூட்டினா பின்நேரம் அஸர் தொழுகைக்கு முன்ன முடிஞ்சிரும். என்ன, அது முடியிற வரைக்கும் படகுகளுக்குப் போற செய்தி பிந்தும்."

"ஏலா! பிந்தேலா!" அவள் குரல் உடைந்தது. "என்ட வாப்பா கடல்ல..."

அவன் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"எந்தப் படகு?"

தூரத்தில் தனியே நின்ற ஒரு புள்ளியைக் காட்டினாள். அவன் அதையே பார்த்தான். பிறகு வேகத்தைக் குறைத்தான்.

"மெதுவாப் போகட்டும். உங்கட செய்தி முந்திப் போகட்டும்."

"மெதுவாப் போனா ஆபத்துக் கூடத்தானே?"

"கூடத்தான். நான் இரிக்கன்."

நான் இரிக்கன்... அந்த இரண்டு சொல்லிலேயே பாதி பயம் போய்விட்டது அவளுக்கு. மீதி பாதி? அது வாப்பாவிடம் இருந்தது.

அப்போதுதான் அவன் போன் அடித்தது. மேலதிகாரி. "ஓம் சேர், ஒண்டு பழுதாப் போச்சி... இல்ல சேர், என்ட கையால விழுந்திச்சி. என்ட பிழைதான்."

அஸ்ரியாவுக்கு எங்கிருந்துதான் அந்த ரோசம் வந்ததோ! போனைப் பறித்தாள்.

"சேர், பைய இழுத்துப் போட்டது நான். கேக்கிறதெல்லாம் என்னட்டக் கேளுங்க!" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு உங்கட இரக்கம் தேவல்ல, நானா."

"இரக்கமில்ல."

"பின்ன என்ன?"

அவன் ஸ்க்ரீனுக்குத் திரும்பிக்கொண்டான். "நாப்பது வீதம் முடிஞ்சி..."

திருடன்!

அவன் லைட்டைப் பார்த்தான், அவள் புள்ளியைப் பார்த்தாள். திரும்புங்க வாப்பா... திரும்புங்க... செய்திமேல் செய்தி அனுப்பினாள். திறந்திருந்த கதவடியில் ஹவ்வா ராத்தா வைத்த பிளேன்டீ இரண்டும் ஆறிப்போயின. ஒரு தரம் பழைய டிஸ்க்கின் லைட் விட்டு விட்டு எரிந்தது. அவன் நெற்றியில் வியர்வை. அவள் ஓதுவதை நிறுத்தவே இல்லை. லைட் பழையபடி நிலைத்தது.

பொழுதுபடும் நேரம், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்க்ரீன் மினுங்கியது.

"செய்தி இப்பதான் பாத்தம். வலையத் தூக்கிட்டு வாறம். மகளுக்குச் சொல்லுங்க. நெய்னார்."

"வாப்பா!" அஸ்ரியா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அழுது முடித்து விரலிடுக்கால் பார்த்தபோது புள்ளி கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சேர்வரில் இரண்டு லைட்டும் அசையாத பச்சை. அவன் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்..." என்றான்.

இனி விடுவாளா?

"இப்ப சொல்லுங்க. இரக்கமில்லாட்டி என்னத்துக்குப் பொய் சொன்ன?"

"அது... இந்த ரெண்டு டிஸ்க்கும் போல..."

"டிஸ்க்க வெச்சிக் கத சொன்னா எழும்பிப் போயிருவன்!"

கதவடியில் ஹவ்வா ராத்தா களுக்கென்று சிரித்தாள். அவன் முகம் சிவந்தது. பிறகு நேராகவே அவளைப் பார்த்தான்.

"பஸ்ஸில நீங்க சண்ட புடிச்சது உங்களுக்கு இடம் கேட்டில்ல. அந்தப் பிள்ளக்காரிக்கு. பை விழுந்ததும் ஈரக்குல நடுங்கிச்சி... ஆனாலும் அப்பவே உங்கள எனக்குப் புடிச்சிப் போச்சி." கறுப்புப் பையை மடியில் எடுத்து வைத்தான். "வாப்பா கரைக்கு வந்த பொறகு... என்ட உம்மாவக் கூட்டிக்கொண்டு உங்கட வீட்டுக்கு வரட்டா?"

மழை விட்டிருந்தது. அஸ்ரியா தலைத்துணியின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"வாங்க," என்றாள் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "ரெண்டாவது டிக்கெட்ட இந்த முற உம்மாக்கு எடுங்க... றிப்னாஸ்."