‘ஏழாம் வளைவு’ இரண்டாம் பாகம்

முதல் இடைவேளைக்கு விளக்கைப் போட்ட பிறகும் கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆபரேட்டர் ஒச்சப்பனுக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

‘ஏழாம் வளைவு’ முதல் பாகத்தைப் போன வருஷம், எண்பத்தொன்றில், போடியில் இதே கொட்டகையில் மூன்று வாரம் ஓட்டியவன் அவன். அட்டையில் செய்த மலை. வளைவில் ஜீப்பை மறிக்கும் பேய்க்குச் சவுரி நழுவி விழும்; அதை அவளே குனிந்து எடுத்து மாட்டிக்கொள்வாள். ஜனம் விசிலடித்துச் சிரிக்கும். மெஷின் அறையின் வெக்கையில் நின்று அதையே அறுபது தடவைக்குமேல் பார்த்து நொந்துபோனவன். அதனால்தான் இன்று மதிய ஆட்டத்துக்கு அவன் மனைவி வேலுத்தாய் வந்து நின்றபோது தடுத்துப் பார்த்தான்.

“அதே கருமந்தான் இதுவும். வீட்டுக்குப் போயி செத்த படு.”

“ஏலக்கா பொறுக்குற எடத்துல அரைநாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். வயிறு வலிக்கச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு. நீங்க ஓட்டுங்க, பாத்துட்டுப் போறேன்.”

சொன்னால் எப்போது கேட்டாள். பெண்கள் பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அவளுடைய பச்சைச் சேலை மெஷின் அறைத் துவாரம் வழியாகத் தெரிந்தது.

இரண்டாம் பாகத்தை யாரோ தொழில் தெரிந்தவன் எடுத்திருந்தான். பேயைக் காட்டவே இல்லை. ஒரு ஜீப்பு மலையிலிருந்து இறங்குகிறது, அவ்வளவுதான். அட்டை மலை இல்லை. அசல் போடிமெட்டு, மஞ்சு தவழும் ஈரப்பாறை, திருப்பத்துக்குத் திருப்பம் எஞ்சின் இரைச்சல் ஒடுங்கி, அந்த ஒடுக்கத்துக்குள் பின்சீட்டிலிருந்து யாரோ மெல்ல மூச்சு வாங்கும் சத்தம். டிரைவர் பின்னால் திரும்பாமலே ஓட்டுகிறான். அவன் கழுத்து நரம்பு மட்டும் புடைத்துக்கொண்டே போகிறது. “ஏய், நம்ம மெட்டுடா” என்று ஆரம்பத்தில் கைதட்டியவர்கள் மூன்றாவது திருப்பத்தில் ஓய்ந்துபோனார்கள்.

ரீல் மாற்ற விடும் இரண்டாம் இடைவேளைக்குச் சற்று முன்பு ஜீப்பு மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தது. பஸ் ஸ்டாண்டு. மார்க்கெட்டு. ஒரு சுவரில் இந்தப் படத்தின் போஸ்டர். இடது மூலை மடங்கி, பசை வழிந்த போஸ்டர். காலையில் பத்து மணிக்கு அவன் கையால் ஒட்டியது.

ஒச்சப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். படப்பெட்டி மதுரையிலிருந்து நேற்றே வந்துவிட்டது.

இடைவேளை விட்டதும் முதலாளி தங்கப்பாண்டியிடம் ஓடினான். “அண்ணே, படத்துல என்னமோ தப்பா இருக்கு. நிறுத்திருவோம்ணே.”

“கூறுகெட்டவனே, டீ குடிக்கக்கூட ஒருத்தன் எந்திரிக்கல பாத்தியா. இப்படி ஒரு படம் எனக்கு வாச்சதே இல்ல. போ, சோலியப் பாரு.”

“நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்கண்ணே.”

தங்கப்பாண்டி மணியை அடித்துவிட்டார்.

ஒச்சப்பன் அரங்குக்குள் போய் வேலுத்தாயின் கையைப் பிடித்தான். “வா, போவோம்.”

“செத்த இருங்க, மறைக்காதீங்க.”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். திரையில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைத் துணி. அவள் கண்மணிகள் மட்டும் எதையோ பின்தொடர்ந்து மெல்ல நகர்ந்தன. பக்கத்திலிருந்தவள் கண்ணும். அதற்கடுத்தவள் கண்ணும்.

மணி மறுபடி அடித்தது. “ஒச்சப்பா, வெரசா” என்று முதலாளி கத்தினார். ஒரே ஒரு ஆளாவது தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினான். மெஷினை ஓட விட்டான்.

ஜீப்பு கொட்டகை வாசலில் நின்றது.

டிரைவர் இறங்கவில்லை. பின்னால் இருந்தது இறங்கியது. அதன் கண் வழியாகவே இப்போது படம் நகர்ந்தது. டிக்கெட் ஜன்னல். கருப்புத் திரைச்சீலை. இருட்டில் வரிசை வரிசையாகத் தலைகள். மூச்சு. பெண்கள் பக்கம். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்சு.

பச்சைச் சேலை.

மெஷின் விளக்கின் கார்பன் குச்சிகளை இழுத்துப் பிரித்தான். மெஷினை நிறுத்தினான். ஒலிபெருக்கியை அணைத்தான். அரங்கு விளக்குகளைப் போட்டான்.

திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபிலிமைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். படம் ஓடியது. மூச்சுச் சத்தம் கேட்டது.

“வேலு, எந்திரிச்சு வா. வேலு.”

துவாரத்தில் வாயை வைத்துக் கத்தினான். தொண்டை கிழிந்தது. கீழே முன்னூறு தலைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை.

திரையில்தான் வேலுத்தாய் திரும்பினாள். அவனை நேராகப் பார்த்தாள். “என்னங்க” என்று உதடு அசைந்தது. அவள் தோளில் ஒரு கை கிடந்தது. அதை அவள் விலக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஒச்சப்பன் பார்வையைக் கீழே இறக்கினான். பளிச்சென்ற வெளிச்சத்தில் அவளை ஒட்டிய நடைவழி காலியாக இருந்தது. பச்சைச் சேலையின் தோள் மட்டும், ஐந்து இடங்களில், மெல்ல மெல்ல உள்ளே அழுந்திக்கொண்டிருந்தது.