இடப்பக்க வால்வு

பாட்டு முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. இசைத்தட்டை எடில்மாவே எடுத்து உறையில் போட்டு அடுக்கிவிட்டாள். ஆனாலும் இடப்பக்க ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கவாதம் வந்து பதினான்கு மாதமாக அவள் கணவர் நிக்கானோர் படுக்கையில் கிடக்கிறார். பேச்சு போய்விட்டது. பாட்டுக் கேட்டால் ஒரு சொல்லாவது திரும்பலாம் என்று டாக்டர் சொல்லி வைத்தார். கொலம்பியாவின் பர்ரான்கியா நகரில் நிக்கானோரோடு சேர்ந்து இசைத்தட்டு சேர்த்த சிநேகிதர்கள், பழசுக்குப் பதில் புதிதாக ஒரு பவர் ஆம்ப் வாங்கி வந்து, இடமும் வலமுமாக இரண்டு கண்ணாடி வால்வு எரியும், அவர் கையால் செய்த பழைய பெட்டியோடு இணைத்துக் கொடுத்தார்கள். நல்ல காலத்தில் அந்தப் பெட்டியை யாராவது தொட்டால் மனிதர் வீட்டையே இரண்டாக்குவார். இப்போது ஊரே தொடுகிறது, அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் டெல்ஃபின் வந்து பார்த்தான். ரேடியோ ரிப்பேர்க்காரன், வாய் ஓயாதவன். சுடச்சுட எரிந்துகொண்டிருந்த இடப்பக்க வால்வைப் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டினான். ஸ்பீக்கரில் டிங் என்றது. வயசான வால்வுக்கு உள்ளே எல்லாம் தளர்ந்துபோய், பக்கத்து அதிர்வையெல்லாம் மைக் மாதிரி பிடிக்கும் என்றான். பெட்டி இருக்கும் அலமாரி சுவரோடு ஒட்டியிருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கானோரின் கட்டில். பழைய பவர் ஆம்ப் சதா உறுமிக்கொண்டே இருக்கும், அதில் இதெல்லாம் அமுங்கிப்போகும். புதுசுக்குச் சொந்தச் சத்தமே கிடையாது. கொடுத்ததைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுகிறது. வலப்பக்க வால்வில் கோளாறு இல்லை.

"சனிக்கிழமை வேற வால்வு கொண்டாந்து மாத்திடறேங்க்கா."

"மாத்தாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"கெட்டுப்போன சாமான வச்சிக்கிட்டு என்னக்கா பண்ணப் போறீங்க?"

"தூங்கப் போறேன்" என்றாள் எடில்மா.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நிக்கானோரின் தொண்டையில் சளி அடைத்தால் உடனே ஓடிப்போய்ப் புரட்டிப் போட வேண்டும், தாமதித்தால் உயிர் தங்காது. அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்துப் பார்த்து அவள் இடுப்பு ஒடிந்திருந்தது. இனி அவர் மூச்சு வீடு முழுக்கக் கேட்கும்.

கேட்டது. கொல்லையில் துணி அலசும்போதும், கிழங்கு மசிக்கும்போதும் கேட்டது. ஒருநாள் மூச்சு கரகரத்துத் தடுக்கியதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள், புரட்டினாள், பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வால்வை அவள் தன்னைவிட அதிகமாக நம்பினாள்.

வியாழக்கிழமை மதியம் அவருக்குக் கொரோசோ பழச்சாறு ஊட்டிவிட்டு, கூடத்து ஆடுநாற்காலியில் வந்து சாய்ந்தாள். சன்னல் வழியே தெரு வெயிலின் தார் வாடையும், அடுத்த வீட்டில் மீன் பொரிக்கும் வாடையும் வந்தன. வால்வின் சூட்டில் தூசி கருகும் லேசான நெடி அவற்றோடு கலந்திருந்தது. மூச்சு இழுத்தது, விட்டது, இழுத்தது. எப்போது கண் அசந்தாள் என்று தெரியாது.

விழித்தபோது மணி நாலாகப் போகிறது. மூன்று மணி நேரம் ஒரே தூக்கம். மூச்சு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கரகரப்பே இல்லாத, கல்யாணமான புதிதில் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. அதைக் கேட்டபடி இன்னும் சற்று நேரம் படுத்திருந்தாள், சந்தோஷமாகவே இருந்தது. பிறகுதான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். சளி எங்கே போயிற்று?

உள்ளே போனாள். அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. தாடை இறுகிக் கிடந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. பழச்சாறு காய்ந்த உதட்டோரத்தில் எறும்பு ஊர்ந்தது.

கூடத்தில் மூச்சு இழுத்தது. விட்டது.

கத்த வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஒலிக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். நிற்கவில்லை. வால்வின் ஆரஞ்சுக் கண் மட்டும் மூச்சோடு கூடிக் குறைந்தது.

குனிந்து பிளக்கைப் பிடித்தாள். பிடுங்கினால் நின்றுவிடும். செத்தவர்தான், அவள் கையாலேயே தொட்டுப் பார்த்தாயிற்று. ஆனாலும் அந்த மூச்சைத் தன் கையால் நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தாமல் இருக்கவும் பயம்.

"மன்னிச்சிடுங்க" என்றாள். இழுக்கப் போனாள்.

வலப்பக்க ஸ்பீக்கர்.

மெல்ல ஒரு இரைச்சல். பிறகு ஒரு மூச்சு. வேறு மூச்சு. பொம்பளை மூச்சு. ராத்திரி பகல் தூங்காதவளின், களைத்துக் களைத்துத் தேய்ந்துபோன மூச்சு. அவளுக்கு அதைத் தெரியும்.

வாயைத் திறந்தாள். காற்று உள்ளே வரவில்லை. மார்பில் கை வைத்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. திணறவும் இல்லை. இடுப்பு வலியைக் காணோம். பதினான்கு மாதத்தில் முதன்முறையாக உடம்பில் எங்குமே வலியில்லை.

வலப்பக்கம் இழுத்தது. விட்டது.

பிளக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அது அசையாமல் இருக்கிறதா என்று பார்த்தாள். பின்னால் நகர்ந்தாள்.

மணி நாலு. வெயில் தாங்காமல் பேட்டையில் எல்லா வீட்டிலும் ஏசி போடும் நேரம், தினமும் கரண்ட் குறைந்துபோகிற நேரம். சமையலறையில் ஃபிரிட்ஜ் இருமி நின்றது. பவர் ஆம்பின் நீல விளக்கு மங்கியது. தலைக்கு மேலே மின்விசிறியின் இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. இரண்டு ஸ்பீக்கரிலும் மூச்சு மெதுவாகிக்கொண்டே வந்தது.