ஐந்தாம் பதிப்பு

டைட்டஸ் எழுந்தான். பால் காய்ச்சினான். சட்டையைத் தேய்த்தான். சித்தூரில் பஸ் ஏறினான். திருப்பதியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவான். மனைவி பிளெஸ்ஸி காய்ச்சலில் போனதிலிருந்து எல்லா நாளும் இதே நாள்தான்.

அன்று மழை. புத்தலப்பட்டில் ஒருத்தி ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குடைத் தண்ணீர் முழுவதும் அவன் மடியில்.

"பாத்து..."

"நான் பாத்துக்கினுதான் வந்தேன் சார். நீங்கதான் ஜன்னலையே பாத்துக்கினு இருந்தீங்க."

திரும்பினான். மை தீட்டாத பெரிய கண்கள்... இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கியது.

பெயர் கேசியா. விக்டோரியா ராணி காலத்து லண்டன் பதிப்பாளர் ஹார்ட்வுட் என்பவரைப் பற்றித் திருப்பதியில் பி.எச்.டி. செய்கிறாள். தினமும் அதே பஸ், தினமும் அவர் கதை. புத்தகக் கடையில் பார்சல் கட்டியது, ரயில் நிலையங்களில் மலிவு நாவல் விற்றது, திவாலானது, பாடப்புத்தகங்களைக் கப்பலில் மதராஸுக்கு அனுப்பி மறுபடி எழுந்தது... நடுநடுவே, வேலூரிலிருந்து ஒரு வரன், பெங்களூரிலிருந்து ஒரு வரன் என்பாள். நல்லதுங்க என்பான் டைட்டஸ். அன்று மதியம் சோறு இறங்காது. இது பொறாமையா... பசியின்மையா? அவனுக்கே தெரியவில்லை. இரண்டாந்தாரமாக வா என்று ஒரு பெண்ணிடம் கேட்க ரோஷம் விடவில்லை.

ஒருநாள், வேலூர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் ஹார்ட்வுட்டுக்குத் தாவினாள். யாரும் தொடாத ஒரு புது நாவலுக்கு, நாலு பதிப்பு ஏற்கெனவே விற்றுத் தீர்ந்ததென்று ஜனங்கள் நம்பட்டும் என, முதல் அச்சிலேயே 'ஐந்தாம் பதிப்பு' என்று போட்டு விற்றாராம்.

"ஏமாத்து வேலை" என்றான்.

"ஆசையிருந்தும் கை நீட்டாம நிக்கிறவங்களுக்காகத்தான் சார்."

எப்படி வந்ததென்றே தெரியவில்லை. "வேலூருக்குச் சரின்னு சொல்லிடாத, கேசியா."

அவள் மடியைப் பார்த்தபடி சொன்னாள்: "வேலூரும் இல்ல, பெங்களூரும் இல்ல... ஒருத்தரும் வரல. நானும் அஞ்சாம் பதிப்புன்னு போட்டுக்கினேன்."

கோபம் வரவேண்டும். வரவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"எனக்கு ஒண்ணும் புரியல. உன்னப் பிடிச்சிருக்கு. ஆனா வீட்ல பிளெஸ்ஸி போட்டோ இருக்கு... அத எடுக்க என்னால முடியாது."

திருப்பதி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"யாரு எடுக்கச் சொன்னா? நான் வந்தா, அக்கா போட்டோவுக்கும் சேத்துத் தூசி தட்றேன்."