தாழியில் கிடந்த பருத்தி

துணியிலிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. ஈராயிரம் வருஷம் முதுமக்கள் தாழிக்குள் கிடந்த துணியில் மண் வாசம் வரலாம், செம்புக் களிம்பு வாசம் வரலாம். ஞானசுந்தரி தன் உத்தியோகக் காலம் முழுக்க அந்த இரண்டையும்தான் முகர்ந்திருக்கிறாள். இது, யாரோ காலையில் தலை சீவிப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போன வாசம்.

சாத்தூரில் தொல்லியல் ஆய்வுக்கென்று வாடகைக்கு எடுத்த வீடு. சாயங்கால மழைக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். மேசை விளக்கின் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் துணி, கரிந்துபோய், செம்புத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. எம். புதுப்பட்டி அகழாய்வுக் குழியில், எலும்போடு இருந்த தாழியிலிருந்து தன் கையாலேயே எடுத்ததாக, தோண்டும் வேலையைக் கவனிக்கும் மகேஷ்குமார் சொன்னான். கூடப் பிறக்காத தம்பி என்று அவனை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள், அவன் வார்த்தையை நம்பி, இதைவிடப் பழைய பருத்தி இந்தச் சீமையில் கிடையாது என்று மாநாட்டில் அடித்துப் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

களிம்பைச் சுரண்டினாள். அடியில் ஒரு மடிப்பு. மடிப்பில் தையல் மிஷின் ஓடிய தடம். நூலிடுக்கெல்லாம் வெள்ளிப் பொடி, மத்தாப்புக்குப் போடுகிற அலுமினியம்.

நைலக்ஸ் சேலை உரசினால் தீப்பொறி வருமென்று பட்டாசு ஆலைக்குள் பருத்திச் சேலை மட்டும்தான் உடுத்த விடுவார்கள்.

மகேஷ்குமாருக்குப் போன் போட்டு, இது பட்டாசு ஆலைச் சேலைதானே என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றான் மகேஷ்குமார், கொஞ்சமும் பதறாமல். "என் மச்சானோட பட்டாசு ஷெட்டு. லைசென்ஸ் கிடையாது. வெடிச்சதுல ஒரு பொம்பள போயிட்டா. எங்கன கொண்டுபோயி வைக்க? தாழி சும்மாதான கெடந்துச்சு, அதுல வச்சு மூடிட்டோம்."

"யாருடா அவ?"

"மாரித்தாயின்னு ஒருத்தி. தேட ஆளில்ல. நீங்க வேற பழசுன்னு சொல்லிட்டீக, இனி அது பழசுதான்."

"பாவி, நம்ப வச்சுக் கழுத்த அறுத்துட்டியே!"

"வெளிய தெரிஞ்சா ஒங்க பேருதான்க்கா போகும். அந்தப் பொடியக் கழுவிருங்க."

ஆயுசெல்லாம் சேர்த்த பேர். அழுதாள். அழுதுகொண்டேதான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். துணியை எடுத்தாள்.

சூடாக இருந்தது.

இழுத்தாள். வரவில்லை. மறுமுனை மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கிப் போயிருந்தது. இத்துனூண்டு துணிக்கு அவ்வளவு நீளம் ஏது?

விளக்கைச் சாய்த்தாள்.

மேசைக்கடியில், முழுச் சேலையும் உடுத்தி, ஒருத்தி குத்தவைத்திருந்தாள். முகம் இல்லை. முகமிருந்த இடத்தில் பள்ளம். வெள்ளியாய் மினுங்கிய கை ஒன்று நீண்டு, ஞானசுந்தரியின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, அந்தப் பள்ளத்துக்குள் கொண்டுபோய் வைத்தது.

"எனக்கு எம்புட்டு வயசுன்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்கம்மா."