மீன் சமைக்காத ஊர்

மீன் குழம்பின் வாசனை வந்தது. வரவே கூடாத வாசனை.

ஓர்னெல்லா ஜன்னலைத் திறந்தாள். நவம்பர் மாதத்து அந்தி. கோடை முழுக்க வண்ணக் குடைகள் விரிந்து கிடந்த ஏட்ரியாட்டிக் கடற்கரை இப்போது வெறிச்சோடியிருக்க, மூடிய விடுதிகளின் தகரக் கதவுகளைக் கடற்காற்று தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. படகு மட்டும் கரை ஒதுங்கி, அவள் கணவன் நேவியோ திரும்பாமல் போன நாளிலிருந்து இந்த ஊரில் ஒரு வீட்டிலும் மீன் சட்டி அடுப்பேறவில்லை. கடலில் போனவன் உடல் கிடைக்கும்வரை அந்தக் கடலின் மீனை யாரும் தொட மாட்டார்கள். ஏன் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அப்படியென்றால் கிடைத்துவிட்டானா? பாவி மனுஷன், வந்து சேர்ந்துவிட்டானா?

கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினாள். வாசனை அவளைத் துறைமுக முனையில் இருந்த கொழுந்தன் துல்லியோவின் சாப்பாட்டுக்கடைக்கு இழுத்துப் போனது. சீசன் முடிந்ததும் அவன் பூட்டிவிட்ட கடை. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மேஜையில் மட்டும் விளக்கு, இரண்டு தட்டு, ஆவி பறக்கும் குழம்பு.

"துல்லியோ?"

சமையலறைத் திரைக்குப் பின்னால் கரண்டி சட்டியில் உரசியது.

"உட்காரு. ஆறிடப்போவுது."

குரல் கரகரத்தது. அழுதிருப்பான் என்று நினைத்தாள்.

"அவரு கிடைச்சிட்டாரா?"

"கிடைச்சாச்சு. முதல்ல சாப்பிடு."

அழுகையும் பசியும் சேர்ந்தே வந்தன. எத்தனையோ நாளாக வெறும் ரொட்டியைத் தவிர எதுவும் இறங்காத வயிறு. ஒரு வாய் வைத்தாள். ஐயோ, என்ன ருசி! நாக்கில் பட்டதும் கரைகிற சதை, சுருக்கென்று வினிகர், பின்னாலேயே மிளகு. கல்யாண விருந்தில்கூட இப்படித் தின்றதில்லை. ரொட்டியைக் கிழித்துத் தட்டை வழித்து வழித்துத் தின்றாள். தக்காளியே போடாமல் இந்தக் குழம்பை வைக்கத் தெரிந்தவன் ஊரிலேயே ஒருவன்தான். படகில் வைப்பான்.

கை நின்றது.

திரைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. அவள் செருப்பை நனைத்தது. உப்பு வாடை.

"நேவியோ...?"

"முள்ளைப் பார்த்துத் தின்னுடி, அவசரக்குடுக்கை."

வாசல் கண்ணாடியை யாரோ படபடவென்று தட்டினார்கள். வெளியே துல்லியோ. அழுது வீங்கிய முகம்.

"அண்ணி! பூட்டு இந்தப் பக்கம் தொங்குது, உள்ள எப்படிப் போனீங்க? அண்ணன இப்பத்தான் கரையில எடுத்தோம். நீங்க பார்க்க வேணாம் அண்ணி. வெறும் எலும்புதான். மீனுங்க எல்லாத்தையும்..."

கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தான்.

திரை விலகியது. சட்டியைத் தாங்கி வந்த கைகளில் சதை இல்லை. அவள் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மிச்சம் வைக்காத," என்றது. "நான் இதுலதான்டி இருக்கேன்."

தட்டு நிறைந்தது. ஆவி பறந்தது.

அவள் கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். அவள் கை மட்டும், அவளைக் கேட்காமல், இன்னொரு ரொட்டித் துண்டைக் கிழித்தது.