கதவுக்குள் விழுந்த கிளிப்

கதவுக்குள் விழுந்த கிளிப் சத்தம் போடவில்லை.

தகரத்தில் பட்டுக் கேட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து மூன்று விழுந்தன, மூன்றும் கேட்டன. பசை வாடையும், பழைய சீட்டுப் பஞ்சின் புழுங்கிய நெடியும் தொண்டையில் வந்து உட்காரும் அந்த ஷெட்டில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அறுபது வருடப் பழைய காரின் பின்கதவில் புது ரெக்சின் ஒட்டிய உள்பலகையைப் பொருத்திக்கொண்டிருந்தாள் அவள். இந்தக் காருக்கான கிளிப் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடும்போது பலகை கடகடக்கும். பலகையை எடுத்து வைத்துவிட்டு, கதவின் துளைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

ஏதோ ஒன்று கிளிப்பை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டது.

சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஷெட் அவருடையது. ஊசியைத் தொடாமல் பத்து வருடமாகிறது. ஆனால் வண்டி எடுக்க வருகிறவர்களிடம் எல்லாம் தன் கைவேலை என்பார். பதினாறு வயதுப் பெண் தைத்தது என்று ஒரு நாளும் வாயில் வராது. அவள் விஷயத்தைச் சொன்னதும் டீ சிந்தச் சிரித்தார். இன்ஜினியரம்மாவுக்குப் பேய் எடுபிடி வேலை செய்கிறதாம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"வேலைக்கு வளையாததுக்கு இப்படி ஒரு கதையா? நாளைலேர்ந்து வராத. மெஷினுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்தத் தையல் மெஷின் ஒன்றுதான் உலகத்தில் அவள் சொன்னபடி கேட்கும். பயத்துக்கு மேல் எரிச்சல் ஏறியது.

"நீங்க கை விட்டுப் பாருங்க சித்தப்பா. இந்த ஒரு வேலையாவது நீங்களே செய்யுங்க."

சட்டைக் கையைச் சுருட்டினார். கல்யாண வீட்டில் பரிமாறப் போகிறவர் மாதிரி, அப்படியொரு தோரணை. மணிக்கட்டு போனது. முழங்கை போனது.

"ஒண்ணுமில்ல. காத்துதான் இருக்கு."

தோள்வரை போனது.

கதவின் தடிமன் ஒரு சாண்கூட இல்லை. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தாள். வழவழப்பான பெயின்ட். அதில் அவள் முகம். ஒரு நெளிவு இல்லை.

"விளையாடாத, கைய விடு," என்றார் சித்தப்பா, கன்னம் தகரத்தில் அழுந்த.

அவளுடைய இரண்டு கைகளும் அவள் வாயை மூடியிருந்தன.

"ஏய். இழுக்காதடி. வலிக்குது."

காருக்குள் சரசரவென்று ஒரு சத்தம். சீட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்க் கதவு. அதற்கு இன்னும் பலகை மாட்டவில்லை. வெறும் தகரம், நடுவில் துளை.

அதிலிருந்து ஐந்து விரல்கள் வந்தன. பசைக்கறை ஒட்டாத, வேலையே பார்க்காத, சித்தப்பாவின் கொழுத்த விரல்கள். துளையின் விளிம்பைத் தடவின. இறுக்கிப் பற்றின.

பின்னாலேயே இன்னொரு கை வந்தது. நிதானமாக அந்த விரல்களை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது.